கார்ட் தானாகக் கழன்று வராது

நுகேகொடையில் ஹைலெவல் வீதிக் கடைகளில் கம்பியூட்டர் பூட்டப் பழக வரும் பிள்ளைகளுக்கு முதற் சோதனை பெரும்பாலும் இப்படித்தான் வரும். நேற்று வாங்கிப் போன புத்தம்புதுச் சிஸ்டம். காற்றாடி சுற்றுகிறது, லைட் எரிகிறது, மொனிட்டரில் மட்டும் ஒன்றுமில்லை. பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி வீஜீஏ கார்ட்டில் விரலை வைத்தால் ஆடுகிறது. அழுத்தினால் படம் வந்துவிடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார், அடுத்த கிழமை அதே பெட்டியோடு திரும்பி வருவார். எது அந்தக் கார்ட்டைக் கிளப்பியது என்று கண்டுபிடிக்காத வரை வேலை முடியவில்லை. கீழே உள்ளதெல்லாம் அதற்காகத்தான்.

1. பெட்டியைத் திறக்க முதல் மொனிட்டர் வயர் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். கார்ட்டில் குத்த வேண்டியதை மதர்போட்டில் குத்திவிட்டுக் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் நிறையப் பேர். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிகிற புரொசசர்களிலும், ரைசன் 5600 போன்றவற்றிலும் உள்ளே படம் காட்டும் பகுதியே இல்லை. அப்போது திரை கறுப்பாகவே நிற்கும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் அது உண்டு. படம் வரும், விளையாட்டு மட்டும் ஊரும்.

2. சிஸ்டம் வந்த வழியைக் கேளுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கி 138 பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததா, ஓட்டோவின் பின் சீட்டில் நிமிர்த்தி வைத்து வந்ததா, அல்லது வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸின் டிக்கியில் ஏற்றி யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் குலுங்கிப் போய்த் திரும்பி வந்ததா? நிமிர்ந்து நிற்கும் கேசிங்கில் கார்ட் படுத்த வாக்கில் தொங்குகிறது. அந்தக் காலத்துக் கார்ட் உள்ளங்கை அளவு, அதற்குத் தன் பாரம் ஒரு பொருட்டில்லை. இன்று ஆர்டிஎக்ஸ் 4090 இரண்டு கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு குழியிலும் அந்தப் பாரம் முழுவதும் ஸ்லொட்டையும் இரண்டு ஸ்குரூவையும்தான் இழுக்கிறது. ஆனால் கார்ட் கிளம்புவது புதுத் தொல்லை இல்லை. 1997இல் வந்த ஏஜீபி ஸ்லொட்டிலேயே கார்ட் மெல்ல மேலெழும்பும். அதற்காகத்தான் ஸ்லொட்டின் முனையில் கொக்கி வைக்கத் தொடங்கினார்கள்.

3. சுவிட்சை நிற்பாட்டினால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒருதரம் அழுத்தி மிச்சக் கரண்டை இறக்குங்கள். கேசிங்கின் பெயின்ற் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். சில வீடுகளில் கேசிங்கைத் தொட்டாலே சுருக்கென்று இருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் செருகி ஏர்த்தைத் துண்டித்திருப்பார்கள். அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அது உங்கள் வேலை இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

4. அழுத்த முதல் வடிவாகப் பாருங்கள். இந்த ஒன்றைச் சரியாகப் பழகினால் மற்றது தானாக வரும்.

கேசிங்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கண்ணை ஸ்லொட் மட்டத்துக்குக் கொண்டுபோய் ரோச் லைட்டை அடியுங்கள். ஒழுங்காக உட்கார்ந்த கார்ட்டில் தங்கநிறப் பற்கள் கண்ணுக்குப் படாது. மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தால், அது எந்த முனையில் தெரிகிறது என்பதில்தான் விசயமே இருக்கிறது.

மொனிட்டர் வயர் குத்தும் முனையில் தெரிகிறதா? கார்ட்டின் இரும்புத் தகடு கேசிங்கின் விளிம்பில் முதலே உட்கார்ந்துவிட்டது, அல்லது தகட்டின் கீழ் நாக்கு இடுக்குக்குள் இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. கொக்கி இருக்கிற முனையில் தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஸ்குரூ. தகடும் விளிம்பும் பொருந்தாதபோது ஸ்குரூவை இறுக்க இறுக்கத் தகட்டுப் பக்கம் உள்ளே இழுபடும், மற்ற முனை வெளியே கிளம்பும். பூட்டிய பையன் பலமாக இறுக்கியதே கார்ட்டைக் கழற்றியிருக்கும்!

அறிகுறியும் முனைக்கு முனை மாறும். பற்களின் நடுவே ஒரு வெட்டு உண்டு. அதற்கு முன்னால், தகட்டுப் பக்கமாக உள்ள குட்டித் துண்டில்தான் ஸ்லொட்டின் 12 வோல்ட் வருகிறது. அந்தப் பக்கம் கிளம்பினால் கார்ட் பெரும்பாலும் எழும்பாது. வெட்டுக்குப் பின்னால் தரவு போகிற 16 பாதைகளும் வரிசையாக ஓடுகின்றன. கொக்கி முனை கிளம்பினால் கடைசிப் பாதைகள் அறுந்து, மிச்சம் உள்ள 8 அல்லது 4 பாதையில் கார்ட் ஓடக்கூடும். படம் வருகிறது, வேகம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் பெட்டியில் இதையும் பாருங்கள்.

மருந்து சிக்கலானதல்ல. கார்ட்டைக் கழற்றி, மதர்போட்டின் ஸ்குரூக்களை எல்லாம் தளர்த்துங்கள். கீழே உள்ள பித்தளைத் தூண்கள் ஒரே உயரமா, ஒன்றாவது அரைகுறையாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்டை முழுதாக உட்கார வைத்து, அது நிற்கிற இடத்துக்கு மதர்போட்டைச் சரிக்கட்டி, பிறகு இறுக்குங்கள். மலிவுக் கேசிங்கில் தகரமே வளைந்துதான் வரும். குறட்டால் மெதுவாக நிமிர்த்தலாம். கார்ட் ஸ்லொட்டில் இருக்கும்போது குறட்டைத் தொடாதீர்கள்.

5. அழுத்தப் பயப்படாதீர்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. வீஜீஏ விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அத்தனை காசுச் சாமானைக் கையால் அமத்தப் புதுப் பிள்ளைகளுக்கு நடுங்கும், அரைவாசியில் விட்டுவிடுவார்கள். இரண்டு கையாலும், ஸ்லொட்டுக்கு நேர் மேலே, இரண்டு முனையையும் ஒரே அளவாக, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். காற்றாடியில் விரல் படக்கூடாது. கொக்கி விழுந்த சத்தத்தை மட்டும் நம்பாமல் மஞ்சள் கோடு மறைந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

1980இல் ஆப்பிள் கம்பனி ஆப்பிள் III என்று ஒன்றை வெளியிட்டது. உள்ளே சிப்புகள் சொக்கட்டிலிருந்து கிளம்பிவிடும். சில அங்குலம் தூக்கி மேசையில் போடுங்கள், திரும்ப உட்கார்ந்துவிடும் என்று கம்பனிக்காரரே சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் அந்த வைத்தியத்தைச் செய்துவிடாதீர்கள்.

6. கழற்றும்போது கொக்கியை முதலில் விடுவியுங்கள். பெரிய கார்ட்டின் கீழே கை போகாது. பென்சில் முனையோ ஐஸ்கிரீம் குச்சியோ போதும். ஸ்குரூ டிரைவரை விட்டுத் தெண்டினால் வழுக்கி மதர்போட்டின் கோடுகளை அறுத்துவிடும், பிறகு வொரண்டி கதைக்க முடியாது.

7. பவர் வயரும் கார்ட்டை இழுக்கும். தடித்த வயர் பக்கக் கண்ணாடியில் முட்டி நின்றால், கண்ணாடியைப் பூட்டும் ஒவ்வொரு தரமும் கார்ட்டை ஒரு பக்கம் தள்ளுகிறீர்கள். வயருக்கு வளைய இடம் விடுங்கள். ஸ்லொட் கொடுப்பது 75 வாட், 8 பின் வயர் ஒன்று 150 வாட். புரொசசருக்குப் போகும் 8 பின்னும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும், அதைப் பலவந்தமாகச் செருகாதீர்கள். புதுக் கார்ட்டுகளின் 16 பின் பிளக்கில் இன்னும் கவனம் வேண்டும். 2022 ஒக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கையோடு அந்தப் பிளக்குகள் உருகிய படங்கள் உலகமெல்லாம் வந்தன. முழுதாகச் செருகாததே முக்கிய காரணம் என்று என்விடியா சொன்னது. அடுத்த வருடம் அந்தப் பிளக்கையே திருத்தி, சரியாக உட்காராவிட்டால் கரண்ட் எடுக்காதபடி செய்தார்கள். ஆகவே இடைவெளி ஏதும் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

8. படம் வராவிட்டாலும் சில மதர்போட்டுகள் கதைக்கும். 'வீஜீஏ' என்று எழுதிய குட்டி லைட் எரிந்து நின்றால் கார்ட்டைப் பாருங்கள், ராமை நோண்டாதீர்கள். கார்ட்டின் காற்றாடி சுற்றவில்லை என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சூடு ஏறும்வரை சும்மா நிற்பது இன்றைய கார்ட்டுகளின் பழக்கம்.

9. புதுக் கார்ட்டின் பற்களை அழிறப்பரால் தேய்க்காதீர்கள். பழைய ராமுக்கு நாங்கள் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம் அது. தங்கப் பூச்சு மிக மெல்லியது. கைரேகை பட்டிருந்தால் ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த துணி போதும்.

10. பாரமான கார்ட்டுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். கடையில் விற்கிற முட்டு நல்லது.

11. படம் வந்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள். ஜீபியூ-இசட் போட்டு எத்தனை பாதையில் கார்ட் ஓடுகிறது என்று பாருங்கள். கார்ட் சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும், ஆகவே வேலை கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 16 வராவிட்டால் உடனே பதறவும் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060உம் ஆர்எக்ஸ் 6600உம் 8 பாதைக் கார்ட்டுகள், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 பாதைதான். ஸ்லொட் நீளமாக இருப்பதால் 16 என்று நினைத்து நல்ல கார்ட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

12. கருகல் மணம், பெயர்ந்த பல், கொக்கிப் பக்கப் பலகையில் முடி போன்ற வெடிப்பு: இவற்றில் ஒன்றைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். படம் எடுத்து, பில்லோடு, விற்ற கடைக்கு அனுப்புங்கள். வொரண்டி ஸ்ரிக்கரைக் கிழித்துவிட்டு அனுப்பினால் அவர்கள் உங்கள் தலையில் கட்டுவார்கள், கட்டினால் குற்றம் சொல்லவும் முடியாது. கடை நியாயமில்லாமல் தட்டிக் கழித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.

13. தூர இடத்துக்குப் போகிற சிஸ்டம் என்றால் கார்ட்டைக் கழற்றி, அதன் சொந்தப் பெட்டியில் தனியாக அனுப்புவதே நல்லது. அங்கே பூட்டத் தெரிந்த ஆள் இல்லை என்றால், கார்ட்டுக்கும் கேசிங்கின் அடிக்கும் இடையில் ரெஜிபோம் வெட்டி இறுக்கி வையுங்கள். பெட்டியைப் படுக்க வைத்து, மதர்போட் கீழே வரும்படி ஏற்றச் சொல்லுங்கள். அப்போது கார்ட் தொங்காது, நிற்கும். சுவிட்ச் போட முதல் ரெஜிபோமை எடுக்கச் சொல்லி ஒரு துண்டில் எழுதுங்கள். அந்தத் துண்டைப் பவர் வயர் குத்துகிற துவாரத்தின் மேலேயே ஒட்டுங்கள். வேறு எங்கே ஒட்டினாலும் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.