என்ஜின் பிசுக்கும் காரத்தின் வாடையும்



ஐங்கந்தங்களைப் பற்றிப் பயின்ற அன்பர் சிலர், “உடல் நானன்று, உணர்ச்சி நானன்று என்று தெளிந்த பின்னும் ‘நான்’ என்னும் நினைவு போகவில்லையே, ஏன்?” என வினவுகின்றனர். யாம் பழகிய ஆலைத்தொழிலைக் கொண்டே இதனை விளக்க முயல்வோம்.

என்ஜினை முற்றும் பிரிக்காமல், ஹெட்டையும் பிஸ்டன்களையும் மட்டும் கழற்றிப் பழுது பார்ப்பதுண்டு. முற்றும் பிரித்த இரும்பு பிளாக்கைக் காஸ்டிக் சோடாக் கொதிநீரில் இறக்கலாம். (அலுமினியத்தை இறக்கலாகாது, காரம் அதனைத் தின்றுவிடும்.) கிராங்க் உள்ளேயே இருக்கும் பிளாக்குக்கு அவ்வழி இல்லை. மண்ணெண்ணெயும் தூரிகையும் மரச்சுரண்டியுமே துணை. முதலில் எண்ணெய்த் துளைகள் யாவற்றையும் துணியால் அடைத்தல் வேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுதலும் வேண்டும். பஞ்சு வேஸ்ட் ஆகாது. இழை உள்ளே போகும். உப்புத்தாள் அதனினும் கேடு. வெளியே அப்பிக் கிடந்தவரை அழுக்கு பெருந்தீங்கு செய்யவில்லை. தேய்க்கும்போது உதிர்ந்த பொடி எண்ணெயோடு பேரிங்கினுள் புகுந்தால் கிராங்கையே கீறிவிடும்.

இளமையில் யாம், முற்றும் பிரித்த பிளாக் ஒன்றைச் சோப்பு நீரால் பளபளவெனக் கழுவிவிட்டு, பாராட்டை எண்ணிக்கொண்டே வீடு சென்றோம். காலையில் சிலிண்டர்ச் சுவரெங்கும் செந்துரு! பிசுக்கு நீங்கிய இரும்பு ஈரத்துக்குக் காவலற்றுக் கிடந்தது. உலர்த்தியவுடன் புதிய எண்ணெய் பூசியிருக்க வேண்டும். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் எண்ணெய்க் குவளையை எம் கையில் கொடுத்தார்.

இனிச் சங்யுத்த நிகாயத்துக்கு வருவோம். கேமக தேரர் பதரிகாராமத்தில் நோயுற்றிருந்தார். கோசிதாராமத்துத் தேரர்கள் தாசகரைத் தூதனுப்பி வினவினர். ஐங்கந்தத்தில் எதனையும் தாம் ஆன்மாவாகக் கொள்ளவில்லை என்றும், ஆயினும் ‘நான்’ என்னும் நினைவு இன்னும் அகலவில்லை என்றும் கேமகர் மறைக்காமல் கூறினார். பின்னர்க் கோலூன்றித் தாமே சென்று துணியுவமையை விளக்கினார். உவர்மண்ணும் காரமும் சாணமும் இட்டு வெளுத்த துணியில் அழுக்கு போயிற்று. வெளுக்கப் பயன்பட்டவற்றின் வாடை நின்றது. நறுமணப் பேழையில் வைத்த பின்னரே அதுவும் அகலும்.

சாதியழுக்கைப் போக்க நமக்குக் காரம் வேண்டியிருந்தது. அதனை யாம் குறை கூறோம். ஆயினும், “எமக்கு முந்தித் தீட்சை” என்று முன்வரிசை தேடுவது அக்காரத்தின் வாடையே. எம்மிடமும் அது வீசிற்று. அதனினும் கொடியது, விகாரையில் ஒன்றாக அமர்ந்துவிட்டு, பெண் கொடுக்கும்போது மட்டும் பழைய உட்பிரிவைக் கேட்பது. எம் மூத்த மகளின் மணப்பேச்சில் அக்கேள்வி எம் வாயிலிருந்தே வந்தது. அவள் எம்மை நிமிர்ந்து பார்த்தாள். பேரிங்கினுள் புகுந்த பொடி அதுவே என்று அன்று அறிந்தோம்.

பேழையாவது, ஐங்கந்தத்தின் தோற்றத்தையும் மறைவையும் இடைவிடாது நோக்குதல். வரும் உபோசத நாளில் இதனை ஒவ்வொரு கந்தமாக எடுத்துப் பயில்வோம். அன்பர்கள் கேமக சூத்திரத்தைப் படித்து வருக.