விளையாட்டுக்கும் வயதுச் சான்று வேண்டுமா?

நம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் ஒரு முறையேனும் சென்று வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏற்றுமதிக்கான குழந்தைகள் ஆடையின் கழுத்துப் பகுதியில் '4-5 வயது', '6-7 வயது' என்று லேபிள் வைத்துத் தைப்பார்கள். அளவைக் காட்டத்தான் அது என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். செக்கிங்கில் வேலை செய்யும் என் அம்மாதான் திருத்தினார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஆடை என்றால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் கழுத்துப் பகுதியிலும் தலையை மூடும் பகுதியிலும் தொங்கும் கயிறு இருக்கவே கூடாதாம். எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதற்காக அப்படியொரு விதி. அதே கயிறு பெரியவர்கள் ஆடையில் இருக்கலாம். கயிறு ஒன்றுதான், அணிபவர் வயதுதான் வேறு.

துணிக்கு இத்தனை கவனம் காட்டும் ஊரில், பிள்ளைகள் கையிலுள்ள கைப்பேசி விளையாட்டுக்கு வயது பார்ப்பவர் யார்?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, அரையாண்டு விடுமுறையில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டான். அது பிறந்த ஆண்டைக் கேட்டது. இவன் 1990 என்று வைத்தான். உடனே உள்ளே விட்டுவிட்டது! அப்பாவும் அம்மாவும் ஓவர்டைம் முடிந்து வர இரவு எட்டரை ஆகும். பத்து நாட்களில் பையன் தூக்கத்தில் "சுடு, சுடு" என்று அலறத் தொடங்கினான். பக்கத்தில் படுத்திருந்த நான்தான் முதலில் எழுந்தேன். அன்றிலிருந்தே இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

நம் நாட்டில் திரைப்படத்துக்கு இந்தக் கேள்வி எப்போதோ எழுந்துவிட்டது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில் எல்லாரும் பார்க்க 'யு', வயது வந்தோர் மட்டும் பார்க்க 'ஏ' என இரண்டு சான்றுகள் இருந்தன. கே.ஏ. அப்பாஸ் என்ற இயக்குநர் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த குறும்படத்துக்குத் தணிக்கையினர் 'ஏ' கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு 'யு' தர ஒப்புக்கொண்டது. ஆயினும் அவர் விடவில்லை. தணிக்கை முறையே சரிதானா என்பதைத் தீர்த்துச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1970இல் தலைமை நீதிபதி இதாயதுல்லா தலைமையிலான அமர்வு, தணிக்கை செல்லும் என்றும், பார்ப்பவரின் வயதுக்கேற்பப் படங்களைப் பிரிப்பது தகும் என்றும் தீர்ப்பளித்தது. திரையில் ஓடும் காட்சி மற்றக் கலைகளைவிட மனத்தை ஆழமாக அசைக்கிறது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. பார்ப்பதே அசைக்கும் என்றால், தன் விரலாலேயே சுடுவது எப்படி இருக்கும்? 1983இல் 'யு/ஏ' வந்தது. 2023இல் செய்த திருத்தத்தில் அது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது. ஆனால் அந்த வாரியம் திரைப்படத்தைத்தான் பார்க்கும், விளையாட்டைப் பார்க்காது.

அமெரிக்காவில் 1993இல் 'மார்டல் காம்பாட்', 'நைட் டிராப்' என்ற விளையாட்டுகளைப் பற்றி செனட் சபையில் விசாரணை நடந்தது. அதற்குப் பயந்து, நிறுவனங்கள் தாங்களே 1994இல் ஒரு மதிப்பீட்டு அமைப்பை உண்டாக்கின. அதில் 'வயது வந்தோர் மட்டும்' என்ற தரமும் உண்டு. ஆனால் அந்த முத்திரை விழுந்த விளையாட்டைப் பெரிய கடைகள் வைப்பதில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு படி கீழே, 17 வயது என்ற தரத்துக்குள் நிற்கவே பார்க்கிறார்கள். 2005இல் 'சான் ஆண்ட்ரியாஸ்' என்ற விளையாட்டில் மறைந்திருந்த காட்சிகள் வெளிப்பட்டு, 'வயது வந்தோர் மட்டும்' என்று தரம் மாற்றப்பட்டபோது, கடைகள் அதை எடுத்துவிட்டன.

ஆஸ்திரேலியாவின் கதைதான் எனக்கு விடை தந்தது. அங்கே 2013 வரை விளையாட்டுகளுக்கு 18 வயதுத் தரம் கிடையாது. 15 வயதுதான் உச்சம். அதற்குமேல் போனால் விற்கவே அனுமதி இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் நடந்தது வேறு. வேறு நாடுகளில் பெரியவர்களுக்கென்று தரம் பெற்ற சில விளையாட்டுகள் அங்கே 15 வயதுக்குள் நுழைந்தன. பெரியவர் அளவு என்று ஒரு லேபிளே இல்லாவிட்டால், பெரிய சட்டையையும் சிறுவர் பெட்டியில்தானே போடுவார்கள்! 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற தரம் வந்தால் கெட்டவை பெருகும் என்று வீட்டில் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் ஏற்கவில்லை.

பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் நம் மாநிலம் முந்திக்கொண்டது. நீதியரசர் சந்துரு குழு ஆராய்ந்தபின், 2022இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2025இல் வந்த விதிகள், 18 வயதுக்குட்பட்டோர் ஆடக்கூடாது, நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து வரை யாரும் ஆடக்கூடாது, ஆதாரைக் காட்ட வேண்டும் என்றன. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதம் அவற்றை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், அவ்வகை விளையாட்டை எவருக்கும் வழங்கக்கூடாது என்றே சட்டம் செய்தது. ஆனால் தம்பி ஆடியது பணம் கட்டி ஆடும் வகை அன்று.

கைப்பேசியில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் 3, 7, 12, 16 என்று எண் காட்டுகிறதே என்பீர்கள். அது பெரும்பாலும், தயாரித்தவர் ஒரு வினாத்தாளுக்கு எழுதித் தரும் விடையைக் கொண்டு போடப்படுவது. நம் காலாண்டுத் தாளை நாமே திருத்திக்கொண்டால் எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லவும் வேண்டுமா? ஆகவே தரம் வேண்டும், அதை வெளியார் ஒருவர் பார்த்துத் தரவும் வேண்டும். பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டு விட்டுவிடுவது வாசலில் கோலம் போட்டதைத் திருடனுக்குப் பூட்டு என்று சொல்வதைப் போன்றது.

கைப்பேசியிலேயே பெற்றோர் வயது வரம்பு போட்டுப் பூட்டும் வசதி உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அம்மாவை அருகில் உட்காரவைத்து அதைத் தேடிக் கண்டுபிடித்தேன். பூட்டு எண்ணை அம்மாவே போட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. வரம்பை 7 என்று வைத்தார்கள். இப்போது தம்பியோடு சேர்த்து, நான் ஆடும் வார்த்தை விளையாட்டு ஒன்றும் வராமல் போய்விட்டது. அதற்கு 12 என்று போட்டிருக்கிறது, ஏனென்று இன்னும் எனக்குப் புரியவில்லை.