டிராக்டரில் டீசல் செலவைக் குறைக்க

ஒரே குதிரைத்திறன் கொண்ட இரண்டு டிராக்டர்கள் அடுத்தடுத்த வயல்களை உழுதாலும், இரண்டுக்கும் ஒரே அளவு டீசல் ஆவதில்லை. தம் வண்டிக்கு எவ்வளவு ஆகிறது என்பதை உழவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சமதரையில் நிறுத்தி டாங்கியை விளிம்பு வரை நிரப்பவும். ஒரு ஏக்கர் உழுதபின், அதே இடத்தில் நிறுத்தி, லிட்டர் அளவையால் மறுபடி நிரப்பினால் கணக்கு தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பெரிய இழப்பு, பின்சக்கரம் வழுக்குவதே. டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடவும். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது வண்டி செல்லும் தூரத்தை அளக்கவும். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடியே 10 சுற்றுக்கு அளக்கவும். முதலில் 40 மீட்டரும் அடுத்து 34 மீட்டரும் வந்தால் வழுக்கல் 15 சதம். உழவில் 10 முதல் 15 சதம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் டீசலோடு டயரும் தேய்கிறது. பின் டயர்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புவது, இரும்பு எடைகளை மாட்டுவது, டயரில் காற்று அதிகமிருந்தால் கையேட்டின்படி குறைப்பது ஆகியவை பயன் தரும். டயரின் பட்டைகள் தேய்ந்திருந்தால் இவற்றால் அதிகப் பலன் இராது. வழுக்கலே இல்லையென்றால் அதுவும் நல்லதல்ல. வண்டி வீண் எடையைச் சுமக்கிறது என்று பொருள். டிரெய்லர் ஓட்டும் நாட்களில் அந்த இரும்பு எடைகளைக் கழற்றிவிடலாம்.

மழுங்கிய கொழுவும் டீசலைத் தின்னும். உழும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் பளு அதிகம். கியரைக் குறைக்கவும், அல்லது ஆழத்தைக் குறைக்கவும். பளு குறைந்தும் புகை நிற்காவிட்டால் ஏர் கிளீனரைப் பார்க்கவும். எண்ணெய்த் தொட்டி உள்ள வகையில், புழுதி உழவின்போது எண்ணெயைத் தினமும் கவனிப்பது அவசியம்.

பரம்படித்தல் போன்ற இலேசான வேலைக்கு மேல் கியரைப் போட்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். ரோட்டவேட்டருக்கு இது பொருந்தாது; அதற்கு நிர்ணயித்த வேகம் வேண்டும்.

எஞ்சின் சூடாகிறது என்று சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறான வைத்தியம். எஞ்சின் தக்க சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடும், சிலிண்டரும் விரைவில் தேயும். ரேடியேட்டரில் அடைத்த தூசியையும் விசிறிப் பெல்ட்டையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும்.

வரப்பில் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிடவும். சும்மா ஓடினாலும் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் போய்விடும். குழாய் இணைப்பில் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் மண்ணில் சேரும். அந்த நட்டை இன்றே முறுக்கிவிடலாம்.