மில்லிங் மெஷின் மோட்டர் இடையில் நின்றால்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பட்டறைகளில், சாதாரண மில்லிங் மெஷினை சிஎன்சி ஆக்கியவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக்காற்றை. கனெக்டர் ஊசிகளில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள். மோட்டர் ட்ரைவரின் திருகில் மாட்டும் வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள். அது மெல்ல நசுங்கி, அதிர்வில் பிடி தளரும். செம்பு முனைக்குழாய் போட்டு நசுக்கி மாட்டுங்கள்.

அடுத்து கரண்டை நிறுத்திவிட்டு லீட் ஸ்க்ரூவைக் கையால் முனைக்கு முனை சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகினால் கோளாறு இரும்பில்தான். இலகுவாகச் சுற்றினால், எக்ஸ், வை மோட்டர் வயர்களை ட்ரைவரில் இடம் மாற்றுங்கள். இப்போது மற்ற மோட்டர் நின்றால் பழுது ட்ரைவர் பக்கம். பவர் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவே கூடாது, ட்ரைவர் அந்த நொடியே எரியலாம்!

வேகமான நகர்வில் மட்டும் நிற்கிறதா? அக்சலரேஷனைப் பாதியாக்குங்கள், ஸ்டெப்பர் மோட்டருக்கு வேகம் கூடக்கூட இழுவை குறையும்.