ஆங்கில நாட்டில் ஆயாக்கள் இல்லம்

'ஆயா' என்னுஞ் சொல் போர்த்துக்கேயரால் இந்திய மொழிகளிற் புகுந்து, பின் ஆங்கிலத்திலுங் குடியேறிற்று. அச்சொல்லுக்குரிய மாதருங் கப்பலேறினர். இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலக் குடும்பத்தார் தாய்நாடு திரும்புங்கால், கடல்யாத்திரையிற் குழந்தைகளைப் பேணியவர் இவரே. 1922இல் வெளிவந்த ஒரு கட்டுரை, அந்தோனி பெரெய்ரா என்னும் அம்மையார் 54 முறை அவ்வாறு கடல் கடந்தாரெனக் கூறுகின்றது. நம்முட் பலர் பாம்பனையுங் கடந்திலேம்! 1865இல் பம்பாயிற் பிறந்த கிப்ளிங்கு என்னும் ஆங்கில ஆசிரியர், இளமையில் தம் ஆயா கூறிய கதைகளைத் தம் சுயசரிதையில் நினைவுகூர்கின்றார்.

கரை சேர்ந்தபின் இம்மாதருட் சிலர் திரும்புதற்கு வழியின்றிக் கைவிடப்பட்டனர். அவர்க்குப் புகலிடமாயிருந்தது இலண்டன் ஆயாக்கள் இல்லம். இலண்டன் நகர மிஷனார் நடத்திய அவ்வில்லம் 1900இல் ஹாக்னி பகுதியிலுள்ள கிங் எட்வர்டு வீதிக்கு மாறிற்று. எசமானி ஒப்புவித்துச் சென்ற கப்பற் சீட்டை, இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு இல்லத்தார் விற்பர். அப்பணம் ஆயாவின் உணவுக்கும் உறையுளுக்கும் ஆகும். அவளும் அக்குடும்பத்தின் பிள்ளைகளைப் பேணிக்கொண்டே ஊர் திரும்புவாள்.

ஆங்கே சுவிசேஷமும் போதிக்கப்பட்டது. கிறிஸ்தவராகிய நாம் அம்மிஷனாரின் அன்பை மதிக்கின்றோம். ஆயினும் தங்க இடமின்றி வந்தவள் அப்பிரசங்கத்தை மனமுவந்து கேட்டாளென்று துணிந்து கூற நாணுகின்றோம்.

2022இல் அம்மனையின் சுவரில் நீலநிற நினைவுத்தகடு பதிக்கப்பட்டது. அதிற் பொறிக்க அவர்தம் பெயர்களைத் தேடுவோமாயின், கப்பற் பதிவேடுகளில் அவருட் பலர் இன்ன துரைசானியின் ஆயா என்றே எழுதப்பட்டுளர்.