காதல் நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு நூற்பட்டியல்

காதல் நாவல் என்றாலே பொழுதுபோக்குக்கு வாசித்துவிட்டு மறந்துவிடக்கூடியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. என் வீட்டில் அம்மாவும் சித்தியும் ரமணிசந்திரனின் நாவல்களை அட்டை கிழியும் வரை கைமாற்றிக் கைமாற்றி வாசிப்பார்கள். ஆனால், அவற்றை இலக்கியம் என்று தமிழ்ப்பள்ளியிலும் யாரும் சொன்னதில்லை. பிறகு நான் சென்ற தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சொன்னதில்லை. இந்த எண்ணத்தோடுதான் பெவர்லி ஜென்கின்ஸ் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளரின் நாவல் ஒன்றை இரவல் வாங்கினேன். கதை, எல்லாக் காதல் நாவல்களையும் போலவே, நாயகனும் நாயகியும் ஒன்றுசேர்வதில் முடிந்தது. அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ஆசிரியர் குறிப்பும், அவர் பயன்படுத்திய வரலாற்று நூல்களின் பட்டியலும் இருந்தன. ஆய்வேட்டில் இருக்க வேண்டிய நூற்பட்டியல் காதல் நாவலில் எதற்கு? அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஜென்கின்ஸ் 1951-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். எழுத்தாளராவதற்கு முன், பார்க்-டேவிஸ் என்னும் மருந்து நிறுவனத்தின் நூல்நிலையத்தில் பணியாற்றினார். தாம் வாசிக்க விரும்பும் கதை எந்த அலமாரியிலும் இல்லாததால் அதைத் தமக்காகவே எழுதத் தொடங்கினார் எனலாம். உடன் பணிபுரிந்த ஒருவர் காதல் நாவல் எழுதி வெளியிட்டவர். அவர்தான் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகங்களுக்கு அனுப்பும்படி வற்புறுத்தினார். அனுப்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எழுத்து மோசம் என்பது அல்ல காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறுப்பின மக்களைப் பற்றிய கதை, ஆனால் அடிமை வாழ்வைப் பற்றியது அல்ல. அப்படி ஒரு நாவலை எந்த வகையில் சேர்ப்பது, யாருக்கு விற்பது என்று பதிப்பாளர்களுக்குத் தெரியவில்லை.

இதை நாம் எளிதில் குறை கூறிவிடலாம். ஆனால், நம்மையே கேட்டுப் பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று அடிமை முறை. மற்றொன்று மார்ட்டின் லூதர் கிங். அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. கிங் தலைமையேற்ற மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 1955-இல் தொடங்கியது. இடையில் தொண்ணூறு ஆண்டுகள்! அக்காலத்தில் அம்மக்கள் எங்கே வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், யாரைத் திருமணம் செய்துகொண்டார்கள்?

ஜென்கின்ஸின் முதல் நாவலான 'நைட் சாங்' இந்த இடைவெளிக்குள் நிற்கிறது. போருக்குப் பின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் உரிமைகளைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த கூட்டாட்சிப் படையின் பாதுகாப்பு 1877-இல் முடிவுக்கு வந்தது. அவர்கள்மீது வன்முறை பெருகியது. 1879-இல் ஆயிரக்கணக்கானோர் லூசியானா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களை விட்டுக் கான்சஸ் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே, 1877-லேயே நிறுவப்பட்ட நிக்கோடெமஸ் போன்ற கறுப்பினக் குடியிருப்புகள் இருந்தன. குடிபெயர்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஹென்றி ஆடம்ஸ். ஜென்கின்ஸ் தம் கற்பனை ஊருக்கு அவர் பெயரையே சூட்டினார். 1882-இல் அவ்வூரின் பள்ளி ஆசிரியை காரா. அங்கே வந்து சேரும் நாயகன், கறுப்பின வீரர்களைக் கொண்ட பத்தாம் குதிரைப்படையைச் சேர்ந்தவன். அப்படை 1866-இல் கான்சஸிலேயே அமைக்கப்பட்டது என்பது வரலாறு. ஊர், பள்ளி, படை என்று காதலைச் சுற்றி நிற்கும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு.

இந்நாவல் அச்சேறியதில் விவியன் ஸ்டீபன்ஸ் என்னும் பெண்மணியின் பங்கு பெரிது. அவரும் கறுப்பினத்தவரே. டெல் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது, எல்சி வாஷிங்டன் ரோசலிண்ட் வெல்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய 'என்ட்வைன்ட் டெஸ்டினிஸ்' நாவலை 1980-இல் வெளியிட்டவர். கறுப்பின எழுத்தாளர் கறுப்பின நாயகன் நாயகியைக் கொண்டு எழுதிய காதல் நாவல்களில் முன்னோடியாக அது கருதப்படுகிறது. பின்னர் இலக்கிய முகவரான ஸ்டீபன்ஸ், ஜென்கின்ஸின் கையெழுத்துப் பிரதியை ஏற்றுக்கொண்டார். 'நைட் சாங்' 1994-இல் ஏவன் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. அப்போது ஜென்கின்ஸுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அவருடைய நாவல்களில் என்னை மிகவும் கவர்ந்தது 1996-இல் வெளிவந்த 'இண்டிகோ'. இண்டிகோ என்றால் நீலம். அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்படும் சாயம். நாயகி ஹெஸ்டர் சிறு வயதில் அடிமையாகச் சாயத் தொட்டிகளில் வேலை செய்தவள். விடுதலை பெற்று ஆண்டுகள் பல ஆகியும் அவள் கைகளில் படிந்த நீலம் போகவில்லை. 1858-இல் அவள் மிச்சிகன் மாநிலச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறாள். தன் வீட்டைப் 'பாதாள இரயில் பாதை'யின் ஒரு நிலையமாக்கியிருக்கிறாள். இது தண்டவாளம் பதித்த பாதை அன்று. தப்பி வரும் அடிமைகளை வீடு வீடாக மறைத்து வைத்து வடக்கே அனுப்பிய இரகசிய வலையமைப்பு. டெட்ராய்ட் ஆற்றைக் கடந்தால் கனடா. பிரித்தானியப் பேரரசில் 1834-லேயே அடிமை முறை ஒழிந்துவிட்டதால், அக்கரை சேர்ந்தவரைப் பிடித்துச் செல்ல முடியாது. டெட்ராய்ட்டுக்கு அவ்வலையமைப்பில் 'நள்ளிரவு' என்று சங்கேதப் பெயர் இருந்தது.

அடிமை முறை இல்லாத மிச்சிகனில் எதற்காக மறைந்து வாழ வேண்டும் என்று கேட்கத் தோன்றும். 1850-ஆம் ஆண்டுச் சட்டமே காரணம். தப்பி ஓடிய அடிமைக்கு உதவுபவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்றது அச்சட்டம். பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளிக்கும் அதிகாரிக்குப் பத்து டாலர் ஊதியம். விடுவித்தால் ஐந்து டாலர். நீதியின் விலை இப்படிக் கணக்கிடப்பட்ட காலத்தில்தான் ஹெஸ்டர், காயமடைந்து வரும் காலன் என்பவனைத் தன் வீட்டில் மறைத்து வைத்து மருந்திடுகிறாள். அவனோ அடிமைகளை மீட்பதில் பெயர்பெற்றவன். நியூ ஆர்லியன்ஸ் நகரின் செல்வமிக்க சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவர்களுக்கிடையே காதல் மலர்வதை ஊகிப்பது கடினமன்று.

இந்நாவலில் என்னை நிறுத்தியது ஹெஸ்டரின் காதல்கூட அன்று. அவள் தந்தையின் காதல். அவர் சுதந்திர மனிதர். அடிமைப் பெண்ணொருத்தியை நேசித்ததால், அவளோடு வாழ்வதற்காகத் தம்மைத் தாமே அடிமையாக விற்றுக்கொண்டவர். முதலில் இதை மிகை என்றே எண்ணினேன். ஆனால் வரலாறு வேறு சொல்கிறது. வெர்ஜினியாவில் 1806-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விடுதலை பெற்ற அடிமை ஓராண்டுக்குள் அம்மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். மனைவி மக்கள் இன்னும் அடிமைகளாக இருந்தால் அவர்களைப் பிரிந்தே ஆக வேண்டும். 1856-இல் அதே மாநிலம், சுதந்திரக் கறுப்பினத்தவர் விரும்பினால் தமக்கொரு எசமானரைத் தேர்ந்தெடுத்து அடிமையாகலாம் என்று சட்டம் இயற்றியது. குடும்பத்தைப் பிரியாதிருக்க அவ்வழியை நாடியவர்களும் இருந்தனர். நாவலில் வரும் தந்தையின் காலம் இதற்கு முந்தியதுதான். ஆனாலும் அவர் எதிர்கொண்ட நிலைமை கற்பனையன்று. பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று வெர்ஜினியா 1662-லேயே சட்டம் செய்திருந்தது. ஆகவே தந்தை சுதந்திரமாகவே இருந்திருந்தாலும் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை அடிமைதான். இச்சட்டங்களைத் தனியே படித்தால் ஆண்டுகளாக மனத்தில் நிற்கும். அல்லது நிற்காமலே போகும். ஒரு மனிதன் காதலுக்காகக் கையெழுத்திடும்போது அவற்றின் கொடுமை விளங்குகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஜென்கின்ஸின் நாயகர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள், அழகர்கள், பண்பாளர்கள். மூன்று நாவல்களை அடுத்தடுத்து வாசித்தால் நான்காவதில் யார் யாரை எப்போது மணப்பார் என்று சொல்லிவிடலாம். வரலாற்றுச் செய்திகளைச் சில இடங்களில் பாத்திரங்களே வகுப்பெடுப்பதுபோல் பேசுகின்றனர். ஒரு தோழி இதைக் கேட்டுவிட்டு, "இத்தனை துன்பம் நிறைந்த வரலாற்றுக்கு இன்ப முடிவு கொடுப்பது பொய்யில்லையா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் என் கருத்து வேறு. அக்காலத்து மக்கள் துன்பம் மட்டுமே பட்டார்கள் என்பதுதான் பாதிப் பொய். அவர்கள் பள்ளி கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள், செய்தித்தாள் நடத்தினார்கள், காதலித்தார்கள். நம் தோட்டப்புறக் கதைகளிலும் பால்மரமும் கங்காணியும் கண்ணீரும் மேலோங்கி நிற்கின்றன. லயத்து வீடுகளில் சிரிப்பே கேட்கவில்லையா என்று நான் எண்ணியதுண்டு.

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் ஜென்கின்ஸுக்கு 2017-இல் வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கியது. 1980-இல் அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் விவியன் ஸ்டீபன்ஸும் ஒருவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ஆயினும், சிறந்த நாவல்களுக்கு அச்சங்கம் வழங்கி வந்த ரீட்டா விருதை அதுவரை ஒரு கறுப்பின எழுத்தாளர்கூடப் பெற்றதில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களுடையவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2018-இல் சங்கமே ஒப்புக்கொண்டது. கென்னடி ரயன், எம். மலோன் ஆகிய இருவர் 2019-இல்தான் அந்த வரிசையை உடைத்தனர். அதே ஆண்டு இறுதியில் இனப்பாகுபாடு தொடர்பான சர்ச்சையில் சங்கம் பிளவுபட்டது. 2020-இல் ரீட்டா விருது நிறுத்தப்பட்டு ஸ்டீபன்ஸின் பெயரில் புதிய விருது அறிவிக்கப்பட்டது. 2024-இல் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஜென்கின்ஸை மேடையேற்றிப் பாராட்டிய அமைப்பு, அவரைப் போன்றோரின் புத்தகங்களை மதிப்பிடத் தெரியாமலே இருந்தது எனலாம்.

அவரோ எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் அவர் பெயரில் உள்ளன. 2009-இல் 'பிரிங் ஆன் த பிளெசிங்ஸ்' நாவலில் மீண்டும் ஹென்றி ஆடம்ஸ் ஊருக்கே திரும்பினார். ஆனால் இம்முறை தற்காலம். கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்த அந்த ஊரை, மணவிலக்குப் பெற்ற பெர்னடீன் என்னும் பெண் தனக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் வாங்கி, பெற்றோரின்றித் தவிக்கும் குழந்தைகளுக்கு இல்லமாக்குகிறாள். இத்தொடரில் காதல் குறைவு, ஊர் வம்பு அதிகம். அம்மாவுக்குக் கதையைச் சொன்னபோது அவருக்குப் பிடித்துப்போனது இதுதான். முதன்முறையாக ஜென்கின்ஸை வாசிக்க விரும்புவோருக்கு நான் 'இண்டிகோ'வையே பரிந்துரைப்பேன். கடைசிப் பக்க நூற்பட்டியலையும் தவறாமல் புரட்டிப் பாருங்கள்.