பஞ்சுருட்டான் திரும்பி வரும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படம் வந்தது. மின்கம்பியில் பச்சைப் புள்ளியாகத் தெரிவது பஞ்சுருட்டான்தான். "600 எம்எம் லென்ஸ் வாங்கினா கிட்டத்துல தெரியுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். தெரியும். ஆனாலும் அப்பாவின் பர்ஸை இப்போதைக்கு விட்டுவிடு. அந்தக் காசில் சிறு பங்குக்கே நல்ல 8×42 பைனாகுலர் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுமுன் அதே கம்பிக்கு எதிரே போய் உட்கார். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

ஒரு அரை மணி நேரம் கேமராவைத் தொடாதே. பஞ்சுருட்டான் சட்டென்று கிளம்பும், காற்றில் ஒரு வளைவு வளைந்து பூச்சியைக் கவ்வும், பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும். பிடித்தது தேனீயாக இருந்தால் உடனே விழுங்காது. அலகில் இடுக்கி, கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடிக்கும், தேய்க்கும். கொடுக்கும் நஞ்சும் போக வேண்டுமே! அதன் பிறகுதான் தலையைத் தூக்கி ஒரே விழுங்கு.

படம் எடுக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. பறவை பறந்ததும் கேமராவை இறக்கிவிடாதே. அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஃபோகஸை நிறுத்தி, ஷட்டர் வேகத்தை 1/2000 வைத்துக் காத்திரு. வாயில் இரையோடு, சிறகை விரித்து அதுவே உன் ஃபிரேமுக்குள் இறங்கும். பறவையின் பழக்கம் தெரியாதவர்தான் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார். அவருக்கு எந்த லென்ஸும் போதாது. கம்பி படத்தைக் கெடுக்கிறது என்று தோன்றினால், வயலோரம் வேலிக் குச்சியில் உட்காரும் பஞ்சுருட்டானைத் தேடு. நீயும் தரையோடு தாழ்ந்து உட்கார்ந்தால் அதன் கண் மட்டத்தில் எடுக்கலாம். கண் துல்லியமாக விழாத படத்தை நான் வைத்துக்கொள்வதே இல்லை.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தனக்கென ஒரு கருவி அமைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காடுகளைச் சுற்றிய அந்த மனிதர் காக்கையையும் மைனாவையும் பற்றிக்கூட எழுதியிருக்கிறார். அரிய பறவைக்காக ஆலாய்ப் பறப்பவர்கள் அவரைக் கொஞ்சம் படிக்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கூட்டுப் பக்கம் போகாதே. பஞ்சுருட்டான் மண் கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஆய்வாளர் மிலிந்த் வாட்வேயும் அவருடைய சகாக்களும், வளையருகே ஆள் நின்றால் அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிற்பவரின் கண்ணுக்கு வளை தெரியும் இடமென்றால் பறவை உள்ளே போகத் தயங்குகிறது. தெரியாத இடமென்றால் அவ்வளவு தயங்குவதில்லை. நீ எங்கே நிற்கிறாய் என்பதை மட்டுமல்ல, அங்கிருந்து உனக்கு என்ன தெரியும் என்பதையும் அது கணக்குப் போடுகிறது போலும். நீ நல்ல படத்துக்காக அங்கேயே நின்றால், உள்ளே குஞ்சு பட்டினி கிடக்கும். மற்ற பறவைகளின் கூட்டை இலை விலக்கிப் படமெடுப்பதும் காக்கைக்கு வழிகாட்டுவதும் ஒன்றுதான். ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வித்தையும் உனக்கு வேண்டாம்.

பொங்கல் லீவுக்கு இங்கே வா. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம். மறுநாள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போவோம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் ஊர் அது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத சனங்கள். அங்கே தெருவில் நின்றே படமெடுக்கலாம், குடை மட்டும் அவசியம். மேலேயிருந்து என்ன விழும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பழுப்போ பச்சையோ மங்கலான நிறத்தில் இரண்டு சட்டை எடுத்து வை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா